யார் மனசை யார் சோதிப்பது? மயிலாடி வேதமாணிக்கமும் நாஞ்சில் நாட்டுக் கிறிஸ்தவமும்

இந்த ஆண்டு நினைவுப் பேருரையைக் கோட்டாறில் வைத்துக்கொள்ளலாம் என்று மன்றத்துத் தோழர்கள் சொன்னபோது, பேசுவதற்கான பொருளை நான் தேட வேண்டியிருக்கவில்லை. இந்த ஊரே அதை எடுத்துக் கொடுத்துவிட்டது. இங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் சவேரியார் பேராலயம் இருக்கிறது. அதற்குள் 1752இல் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயத்தின் கல்லறை இருக்கிறது. கன்னியாகுமரி சாலையில் பேருந்து ஏறிச் சிறிது தூரம் போய் விலகினால் மயிலாடி. கல்லில் சிலை செதுக்கும் ஊர் என்றுதான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். அங்கே மகாராசன் என்ற வேதமாணிக்கம் வாழ்ந்தார், 1827இல் இறந்தார். இரண்டு பேருமே குருமார் இல்லை. ஒருவர் இன்று புனிதர். இன்னொருவரை இந்த மாவட்டத்துக்கு வெளியே எத்தனை பேருக்குத் தெரியும்?

நான் பேச வந்தது புகழ் குறைவைப் பற்றி அல்ல. கிறிஸ்தவம் மனசின் மதம் என்கிறார்கள். மனம் திரும்ப வேண்டும், இருதயம் நொறுங்க வேண்டும், உள்ளம் புதிதாக வேண்டும் என்று பிரசங்க மேடையில் கேட்காத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. சரி. ஒருவருடைய மனம் திரும்பிவிட்டது என்று பார்த்துச் சொல்லும் அதிகாரம் யாருக்கு இருந்தது? யாருடைய மனசு சோதனைக்குள்ளானது, யாருடையது சோதிக்கப்படாமலே தப்பியது? நாஞ்சில் நாட்டின் இருநூறு ஆண்டுக் கதையை இந்தக் கேள்வியோடு படித்தால் வேறொரு வரலாறு தெரியத் தொடங்குகிறது.

மயிலாடியில் இருந்த ஜெர்மானிய மிஷனரி வில்லியம் தோபியாஸ் ரிங்கல்தௌபே எழுதிய கடிதம் ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். தம்மிடம் சுமார் அறுநூறு கிறிஸ்தவர்கள் சேர்ந்திருப்பதாகவும், இந்தியாவிலுள்ள மற்றக் கிறிஸ்தவர்களைவிட அவர்கள் மோசமானவர்கள் இல்லை என்றும் அவர் அதில் சொல்கிறார். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர்களில் மூன்று நான்கு பேருக்குத்தான் தங்கள் ஆத்துமாவைப் பற்றி உண்மையான ஏக்கம் இருக்கலாம், மற்றவர்கள் பலவித நோக்கங்களோடு வந்தவர்கள் என்ற பொருளில் மேலும் எழுதுகிறார்.

அறுநூறில் மூன்று நான்கு. இந்தக் கணக்கை அவர் எதை வைத்துப் போட்டார்?

அந்த மனிதரை நான் கிண்டல் செய்யவில்லை. மிஷனரிகளில் அவர் ஓர் அபூர்வப் பிறவி. சைலீசியாவில் 1770இல் பிறந்து ஹாலேயில் படித்தவர். சம்பளம் கைக்கு வந்தால் அதில் பெரும்பகுதியைக் கொடுத்துவிடுவார். கந்தல் உடுத்திக் கட்டிலும் முக்காலியுமாக வாழ்ந்தார். 1816இல் ஊரை விட்டுக் கிளம்பியபோது உருப்படியான ஒரு மேலங்கிகூட அவரிடம் இல்லை. அதன்பின் கீழ்த்திசைக் கடலில் எங்கே இறந்தார் என்பதே யாருக்கும் தெரியாமல் போயிற்று. ஆகவே பேராசையோ அகம்பாவமோ பிடித்தவரின் கணக்கு அல்ல இது. அவர் கற்றுவந்த பக்தி மரபின் கணக்கு.

அந்த மரபைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியில் ஸ்பேனர், ஃபிராங்கே போன்றவர்கள் ஓர் எழுப்புதலைத் தொடங்கினார்கள். திருச்சபையில் பெயரளவுக்கு இருந்தால் போதாது. ஒவ்வொருவரும் தம் உள்ளத்தில் பாவ உணர்வையும் மறுபிறப்பையும் அனுபவித்திருக்க வேண்டும் என்றார்கள். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு அந்தப் பள்ளியைச் சேர்ந்தவர். அங்கே வந்தவர்களைத் தனித்தனியே விசாரித்து, அவர்களுடைய உள்ளத்தின் நிலையைக் குறிப்பெழுதி ஹாலேக்கு அனுப்பும் வழக்கம் வளர்ந்தது. ஜெர்மனியில் ஒரு பிரபுவின் மனசையும் ஒரு தையற்காரரின் மனசையும் ஒரே தராசில் நிறுத்தியதால் அது அங்கே ஒருவகையில் சமத்துவம் பேசியது. நம் ஊருக்கு வந்தபோது அந்தத் தராசுக்கு என்ன நேர்ந்தது?

ராஜநாயக்கனின் கதை அதைச் சொல்லும். தஞ்சாவூர்ப் படையில் இருந்த பறையர் அவர். கத்தோலிக்கராக இருந்தவர், அச்சில் வந்த தமிழ் நற்செய்திகளைப் படித்துத் தாமே தேடி வந்து சீர்திருத்த சபையில் சேர்ந்தார். தஞ்சைப் பகுதியில் உபதேசியாராக உழைத்து, அடியும் பகையும் தாங்கினார். அவருடைய பக்தியில் மிஷனரிகளுக்கு ஐயமே இருக்கவில்லை. 1733இல் ஆரோன் என்ற வேளாளருக்கு முதல் தமிழ்க் குருப்பட்டம் கொடுத்தார்கள். அடுத்தவர் யார் என்ற பேச்சு 1740 வாக்கில் வந்தபோது ராஜநாயக்கனின் பெயரும் எழுந்தது. பறையர் கையிலிருந்து வேளாளக் கிறிஸ்தவர்கள் திருவிருந்து வாங்க மாட்டார்கள், அவரைத் தங்கள் வீட்டுக்குள் விட மாட்டார்கள் என்பதால் 1741இல் தியோகு என்ற வேளாளருக்குப் பட்டம் போயிற்று. ராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியாராகவே இருந்தார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. ராஜநாயக்கனின் மனசு சோதிக்கப்பட்டது, தேறியது. ஆனாலும் அதிகாரம் கிடைக்கவில்லை. திருவிருந்தை மறுக்கப்போகும் வேளாளருடைய மனசை யாராவது சோதித்தார்களா? கர்த்தரின் அப்பத்தைப் பறையர் கையில் வாங்க மாட்டேன் என்று சொல்லும் உள்ளம் மறுபிறப்பு அடைந்த உள்ளம்தானா என்று கேட்கப்பட்டதா? அங்கே அது ‘ஊர் வழக்கம்’ என்ற பெயரில் கடந்து போயிற்று. நம்முடைய பசிக்கு ‘உலக நோக்கம்’ என்று பெயர். அவர்களுடைய சாதிக்கு ‘வழக்கம்’ என்று பெயர். இந்த இரண்டு சொற்களும் எங்கெங்கே புழங்குகின்றன என்று ஆவணங்களில் குறித்துப் பாருங்கள். ஆய்வு மாணவர்களுக்கு இதை ஒரு வேலையாகவே சொல்கிறேன்.

நூறாண்டு கழித்தும் இதே கதைதான். தஞ்சையில் வேதநாயக சாஸ்திரியார் பாடிய பாடல்களைக் கேட்டு உருகாத தமிழ்க் கிறிஸ்தவர் இல்லை. அவருடைய பக்தியை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் 1820களின் இறுதியில், எல்லாரும் ஒன்றாக அமர்ந்து ஒரே கிண்ணத்தில் குடிக்க வேண்டும் என்று இளைய மிஷனரிகள் கட்டாயப்படுத்தியபோது அதை எதிர்த்துச் சாதி ஆசாரத்துக்காக எழுதியவர்களில் முன்னால் நின்றவர் அவரே. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதியை உடனே முற்றாக விட வேண்டும் என்று ஆணையிட்டார். அப்போதும் தஞ்சையில் பலர் ஆலயத்தை விட்டார்களே தவிர வரிசையை விடவில்லை.

இனி மயிலாடி. மகாராசன் சாம்பவர், அதாவது பறையர். நாஞ்சில் நாட்டு வயல்களை உழுது விளைவித்த சனங்களில் ஒருவர். அவர் சிவபக்தர். 1799இல் தம் மருமகன் சிவகுருநாதனோடு சிதம்பரத்துக்கு யாத்திரை போனார். நானூறு கிலோமீட்டருக்கும் மேல். சாம்பவர் கோயிலுக்குள் கால் வைக்க முடியாத காலம். நந்தன் கதை தெரிந்த நமக்கு அந்த யாத்திரை எந்த வாசல்வரை போயிருக்கும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அங்கே அவருக்கு நிம்மதி கிடைக்கவில்லை. திரும்பும் வழியில் தஞ்சாவூரில் கிறிஸ்தவர்களாகியிருந்த உறவினரைப் பார்க்கப் போனார். அங்கே மிஷனரி கோலாஃபின் பிரசங்கத்தைக் கேட்டு, ஞானஸ்நானம் பெற்று, வேதமாணிக்கமாக ஊர் திரும்பினார்.

அந்த மனிதரை யாரும் தேடிப் போகவில்லை. அரிசி மூட்டையோ பள்ளிக்கூடமோ வழக்கில் சிபாரிசு செய்ய வெள்ளைக்காரரோ அப்போது தென்திருவிதாங்கூரில் எந்தப் புராட்டஸ்டண்டு மிஷனிடமும் இல்லை. மிஷனே இல்லை. ஊர் திரும்பியதும் தம் வீட்டாரையும் உறவினரையும் கூட்டித் தாமே சொல்லத் தொடங்கினார். பகை கிளம்பியது. குருவானவர் ஒருவரை அனுப்பச் சொல்லித் தஞ்சைக்கும் தரங்கம்பாடிக்கும் மறுபடி நடந்தவர் அவர்தான். 1804இன் இறுதியில் தரங்கம்பாடிக்கு வந்து தமிழ் படித்துக்கொண்டிருந்த ரிங்கல்தௌபேயை அப்படித்தான் கண்டார். 1806 ஏப்ரல் 25 அன்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ரிங்கல்தௌபே திருவிதாங்கூருக்குள் நுழைந்தார். இன்றும் சபைகள் கொண்டாடும் நாள் அது.

அதைக் கொண்டாடும்போது நாம் எப்படிச் சொல்கிறோம்? ‘மிஷனரி வந்தார், ஒளி வந்தது’ என்கிறோம். வாக்கியத்தின் எழுவாயை மாற்றிச் சொல்லிப் பாருங்கள்: மயிலாடிப் பறையர் ஒருவர் மிஷனரியை அழைத்து வந்தார். அப்படியானால் தென்திருவிதாங்கூர் சீர்திருத்த சபையில் முதல் ஆன்மிக அதிகாரம் யாருடையது?

1809இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. அதே ஆண்டு அங்கே தொடங்கிய பள்ளியைத்தான் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி தன் தொடக்கமாகச் சொல்கிறது. தாமரைகுளம், பிச்சைக்குடியிருப்பு, ஈத்தாமொழி என்று சபைகள் பரவின. நாடார்கள் பெருமளவில் வரத் தொடங்கினார்கள். அவர்கள் மேலும் தலைவரி இருந்தது, கூலியில்லா ஊழியம் இருந்தது. கிறிஸ்தவர்களானால் இந்தச் சுமைகள் குறையும் என்ற நம்பிக்கையோடு வந்தவர்களைக் கண்டு ரிங்கல்தௌபே கலங்கினார். அந்த எண்ணத்தோடு வந்தவர்களைத் திருப்பியும் அனுப்பினார். அறுநூறில் மூன்று நான்கு என்ற கணக்கு இந்தக் கலக்கத்திலிருந்து வந்தது.

நான் அவரோடு வேறுபடும் இடம் இதுதான். கோயில் திருவிழாவுக்கு மரம் இழுக்கவும் வரப்பு வெட்டவும் அடிமையாக ஓடிக்கொண்டிருந்த ஒருவர், ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு நாள் இருக்கிறது, அன்று யாரும் என்னைக் கூப்பிட முடியாது என்று ஆசைப்பட்டால் அது உலக நோக்கமா? ஓய்வுநாள் கட்டளையே எகிப்தில் அடிமையாக இருந்த சனத்துக்குக் கொடுக்கப்பட்டதுதானே. உபாகமத்தில் அந்தக் காரணமே எழுதியிருக்கிறது. விடுதலைக்கு ஏங்கும் மனசை ஆத்துமா இல்லாத மனசு என்று பிரித்துப் பார்க்க ஒரு தனிப் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சி, கூலியில்லா ஊழியத்தை ஒருபோதும் செய்திராதவர்களுக்குத்தான் எளிதில் வாய்க்கும்.

என் பாட்டியைப் பற்றி இங்கே ஒன்று சொல்லலாம் என்று நினைக்கிறேன். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் சேரி ஆலயத்துக்கு வெளியூரிலிருந்து பேச வந்த ஒருவர், பெயர் வேண்டாம், உங்கள் முன்னோர் பால்பவுடருக்கும் கோதுமைக்கும் வந்தவர்கள், நீங்களாவது மனசோடு வாருங்கள் என்று மேடையில் சொன்னார். எல்லாரும் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தோம். வீட்டுக்கு வந்ததும் பாட்டி வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னாள்: “மக்கா, பசிச்சுது, போனோம். ஏசு அப்பம் குடுத்தது வயிறு நெறஞ்சவனுக்கா?” அவளுக்கு எழுத்து தெரியாது. அன்றைய பிரசங்கியாருக்கு இரண்டு பட்டங்கள் இருந்தன.

1816க்கு வருவோம். உடல்நிலை சிதைந்து கிளம்பிய ரிங்கல்தௌபே, சபைகளின் பொறுப்பை வேதமாணிக்கத்திடம் ஒப்படைத்தார். தம் குரு அங்கியை அவருக்கு அணிவித்து ஒப்படைத்தார் என்பது சபை வரலாறு. 1903இல் ஆகூர் எழுதிய திருவிதாங்கூர் சபை வரலாறு முதலாக அந்தக் காட்சி சொல்லப்பட்டு வருகிறது. அங்கி அணிவித்தது பட்டம் ஆகுமா ஆகாதா என்று நான் வழக்காடப் போவதில்லை. அடுத்த மிஷனரி வரும்வரை சுமார் இரண்டு ஆண்டுகள் ஒரு சாம்பவர் அந்தச் சபைகளைத் தாங்கினார். அவற்றில் அவருடைய சாதியைவிட மேலே என்று தங்களை எண்ணிக்கொண்டவர்களும் இருந்தார்கள். தமிழ்ச் சபை வரலாற்றில் ராஜநாயக்கனுக்குக் கிடைக்காதது மயிலாடியில் ஒரு சிறு இடைவெளியில் நடந்துவிட்டது. வெள்ளைக்காரர் இல்லாத இடைவெளியில்தான் அது நடக்க முடிந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

1818இல் சார்லஸ் மீட் வந்தார். மிஷனின் தலைமையிடம் மயிலாடியிலிருந்து நாகர்கோவிலுக்கு மாறியது. திருவிதாங்கூர் அரசு மீடை நாகர்கோவிலில் நீதிபதியாகவும் அமர்த்தியது. பிரசங்க பீடமும் நீதிபீடமும் ஒரே ஆளிடம். சனங்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். லண்டனில் இருந்த சங்கத்தாருக்கு இது பிடிக்காமல் ஓராண்டு வாக்கில் அந்தப் பதவி போயிற்று. வேதமாணிக்கம் மீண்டும் மிஷனரிக்குக் கீழே உழைக்கும் ஒருவரானார். இந்த மிஷனில் நம்மவர்கள் முறையாகக் குருப்பட்டம் பெற 1860கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் இறந்து ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

மீடைப் பற்றி இன்னொன்றும் சொல்லாமல் விட முடியாது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தபின், மனைவியை இழந்திருந்த அவர் 1850களின் தொடக்கத்தில் லோயிஸ் பிடல்ஃப் என்ற பறையர் கிறிஸ்தவப் பெண்ணை மணந்தார். சக மிஷனரிகள் கொதித்தார்கள். மீட் சங்கத்தை விட்டு விலக வேண்டியதாயிற்று. அதே காலத்தில்தான் அடிமை ஒழிப்புக்காக மிஷனரிகள் அரசருக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 1855இல் திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்தது. அந்த மனுக்களுக்கு நாம் நன்றி உள்ளவர்கள். ஆனால் அடிமையை விடுவிக்கத் துடித்த மனசு, அந்த அடிமையின் மகள் தங்களோடு மேசையில் அமர்ந்தபோது என்ன ஆயிற்று?

கத்தோலிக்கர் பக்கம் திரும்பாமல் கோட்டாறில் பேசிவிட்டுப் போனால் நீங்கள் என்னை விடமாட்டீர்கள். நட்டாலத்து நீலகண்ட பிள்ளை, மார்த்தாண்ட வர்மரின் அரண்மனையில் அலுவலர். குளச்சல் போரில் பிடிபட்ட டி லனாயிடமிருந்து வேதம் அறிந்து, 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். தாழ்த்தப்பட்டவர்களோடு வேறுபாடின்றிப் பழகியதும் அவர்மேல் பகை வரக் காரணம் என்று திருச்சபையே சொல்கிறது. 1749இல் கைது, 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் துப்பாக்கிச் சூடு. அவருடைய மனசும் சோதிக்கப்பட்டது. மதத்துக்காக அல்ல, அரசத் துரோகத்துக்காகவே கொல்லப்பட்டார் என்று வாதிட்ட வரலாற்றாசிரியர்கள் உண்டு. ஆனால் அந்த வாதத்துக்குப் பதில் சொல்ல ஆயர்கள், ஆய்வுக் குழுக்கள், ரோமாபுரி வரை ஒரு பெரிய ஏற்பாடு இருந்தது. 2012இல் நாகர்கோவிலில் அருளாளர், 2022 மே 15இல் புனிதர். அதற்குச் சற்று முன் எழுந்த எதிர்ப்பால் ‘பிள்ளை’ என்ற ஒட்டு அதிகாரபூர்வப் பெயரிலிருந்து நீங்கியது. சாதியைத் துறந்ததற்காகவும் செத்த ஒருவருக்கு, அவர் செத்து இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சாதிப்பெயரைச் சூட்டி வைத்திருந்தது அவருடைய பக்தர்களின் மனசு.

அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில்தான் 1872இல் கால்சட்டை வடிவத்தில் கோயில் எழுந்தது. பீடம் ஒன்று, இரண்டு கூடங்கள். வேளாளரும் நாடாரும் ஒருவரையொருவர் பார்க்காமலே ஒரே பூசையைக் காணலாம். 1910இல் கௌசானல் அடிகள் நடுத்தடுப்பை இடித்தார். இடித்ததற்கு எதிராக வேளாளர் தரப்பு நீதிமன்றம்வரை போய்த் தோற்றது.

இவையெல்லாம் முடிந்த கதை என்று நினைக்கிற மாணவர்களுக்கு ஒரு நாளைச் சொல்கிறேன்: 1950 ஆகஸ்ட் 10. குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி, இந்து மதத்தைத் தவிர வேறு மதத்தவரைப் பட்டியல் சாதியாகக் கருதமுடியாது என்றது. 1956இல் சீக்கியர்களுக்கும் 1990இல் பௌத்தர்களுக்கும் அது திருத்தப்பட்டது. நமக்கு இல்லை. மதம் மாறினால் சாதி போய்விடும் என்பது சட்டத்தின் நம்பிக்கை. தனிக் கல்லறைத் தோட்டங்களுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. தாய்மதம் திரும்பியதாகச் சொல்பவர்களின் வழக்கில் 2015இல் உச்சநீதிமன்றம் வைத்த நிபந்தனைகளில் ஒன்று, பழைய சாதிச் சமூகம் அவரை ஏற்றுக்கொண்டதற்கான சான்று. 2024 நவம்பர் 26 அன்று, புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், அவர் ஆலயத்துக்குப் போவதைக் காட்டிச் சாதிச் சான்றிதழை மறுத்தது. உண்மையான விசுவாசம் இல்லாமல் இடஒதுக்கீட்டுக்காக மட்டும் மதம் மாறுவது அரசியலமைப்பின் மேல் செய்யும் மோசடி என்றும் சொன்னது.

ரிங்கல்தௌபேயிடம் தராசு இருந்தது. இப்போது நீதிமன்றத்திடம் இருக்கிறது. அன்று நாம் கிறிஸ்துவிடம் வந்தபோது மனசோடு வந்தாயா என்று கேட்டார்கள். இன்று இந்து என்று சொன்னாலும் அதையே கேட்கிறார்கள். தட்டில் ஏற்றப்படுகிற ஆள் மட்டும் மாறவில்லை.

மயிலாடி ஆலயத்துக்கு இன்று ரிங்கல்தௌபே, வேதமாணிக்கம் இருவர் பெயரும் உண்டு. நீங்கள் போய்ப் பார்க்க வேண்டும். ஆனால் பார்த்துவிட்டு வருவதோடு நிற்காதீர்கள். ரிங்கல்தௌபே எழுதிய கடிதங்கள் நம் கையில் இருக்கின்றன. அந்த அறுநூறு பேர் அவரைப் பற்றி என்ன நினைத்தார்கள், அவருடைய மனசை எப்படி எடைபோட்டார்கள்? இது எந்தக் கடிதத்திலும் வராது. அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கிறீர்கள். வீட்டுப் பெட்டியில் உபதேசியார் ஒருவரின் நோட்டுப் புத்தகமோ, பழைய ஞானஸ்நானச் சீட்டோ, பாட்டி சொன்ன ஒரு பேச்சோ இருந்தால் எடுத்து வாருங்கள். மன்றத்துத் தோழர்கள் வாசலில் பெயர் எழுதிக்கொள்வார்கள்.